ஆருக்குக் களைச்சது

மகன்,

காலமை பதினொண்டு நாப்பத்திரண்டுக்கு எனக்குப் போன் வந்தது. கராச்சிலை ஒரு லொறிக்குக் கீழை படுத்திருந்தனான். கை முழுக்கக் கிறீஸ். போனைப் பக்கத்திலை நிலத்திலை வைச்சிருந்தபடியாலை எடுக்கிறதுக்கு முதல் நேரம்தான் கண்ணிலை பட்டது. அதுக்குக் கீழை உன்ரை அம்மான்ரை பேர். எடுத்தால் ஒரு ஆம்பிளைக் குரல். "ஐயா, நான் பஸ் கொண்டக்டர் கதைக்கிறன். இது உங்கடை மகளின்ரை போன்தானே?" எண்டு கேட்டார். அம்மா என்னை 'அப்பா' எண்டுதான் கூப்பிடுறவ, போனிலையும் அப்பிடித்தான் போட்டு வைச்சிருந்தவ. அந்த மனுசன் என்னைத் தகப்பன் எண்டு நினைச்சிட்டுது. நான் திருத்தேல்லை. "ஓம்" எண்டன். "வல்லை வெளியிலை றோட்டுக் கரையிலை வான் நிக்குது. பிள்ளை ஸ்ரியறிங்கிலை சாஞ்சு கிடக்கிறா. கூப்பிட்டுப் பாத்தம், கதைக்கிறா இல்லை. கெதியா வாங்கோ ஐயா" எண்டார். நான் அதுக்கும் ஓம் எண்டுதான் சொன்னன். பேந்து எழும்பிக் கையைக் கழுவினன். சவுக்காரம் போட்டு, நகத்துக்குள்ளை எல்லாம் தேய்ச்சுக் கழுவினன். ஏன் கழுவினனான் எண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது.

அது ஆடி மாசம், ஒரு வியாழக்கிழமை. இப்ப கார்த்திகை. அப்ப நீ நேசறியிலை இருந்தனீ. இப்ப உனக்கு நாலு வயசு. நான் இதை எழுத, நீ முத்தத்திலை ஒரு பழைய பில்டர் மூடியை வைச்சு மண் அள்ளிக்கொண்டிருக்கிறாய். இதை நீ எப்ப வாசிப்பாய் எண்டு எனக்குச் சொல்லத் தெரியேல்லை. உனக்கெண்டு ஒரு பொம்பிளை வந்து, அவ உனக்கு ஏதாவது சொல்ல, நீ உன்ரை வேலையிலை நிண்டுகொண்டு அரைக் காதாலை கேக்கிற காலத்துக்கு முதல் வாசிச்சால் நல்லம். அதுக்குத்தான் எழுதிறன். ஊரிலை எல்லாரும் உனக்கு ஒரு கதை சொல்லுவினம்: அம்மாக்கு நெஞ்சுக்குள்ளை வருத்தம் இருந்தது, ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் தப்பியிருப்பா, அந்தப் பழைய வான் வெளிக்கை நிண்டு போனதாலைதான் போகேலாமல் போச்சு எண்டு. நாலு மாசமா நானும் அந்தக் கதைக்குத் தலை ஆட்டிக்கொண்டுதான் இருந்தனான். இண்டைக்குப் பின்னேரம் மூண்டரை மணியிலையிருந்து என்னாலை ஆட்டேலாமல் கிடக்கு.

வானைப் பற்றி முதல் சொல்லுறன். அது உனக்கு வயசிலை மூத்தது, எனக்கும் அம்மாக்கும் கலியாணம் நடக்கிறதுக்குக் கனகாலம் முதல் றோட்டுக்கு வந்தது. கனடாவிலை இருக்கிற உன்ரை மாமா, அம்மான்ரை தம்பி ரமணன், எங்கடை கலியாணத்துக்கு எண்டு வாங்கித் தந்தவர். புதுசு வாங்க வசதியில்லை, அத்தான் மெக்கானிக் தானே, பழசெண்டாலும் பாத்துக்கொள்ளுவார் எண்டு அவருக்கு நம்பிக்கை. நான் டிப்ளோமா படிச்சனான், நெல்லியடியிலை நல்ல கராச்சிலை வேலை, டீசல் எஞ்சின் எண்டால் சத்தத்தைக் கேட்டே இன்ன பிழை எண்டு சொல்லுவன். ஊரிலை எனக்கு அப்பிடி ஒரு பேர் இருந்தது. அந்தப் பேரை நானும் நம்பினனான்.

ரெண்டு வரியத்துக்கு முதல் அம்மா கண்டு விக்கத் தொடங்கினவ. வளவுக்குள்ளை ஒட்டு மாங்கண்டு, தேசிக்கண்டு, பூங்கண்டு எல்லாம் பையிலை வைச்சு வளர்த்து, வானிலை ஏத்திக்கொண்டு, ஒரு நாள் வல்வெட்டித்துறைப் பக்கம், ஒரு நாள் வல்லை கடந்து அச்சுவேலிப் பக்கம் போவா. கரவெட்டியிலை ஒரு பொம்பிளை வான் ஓடித் திரியிறது எண்டால் சனம் பாக்கும்தானே. "வான்காறி வாறா" எண்டு ஆரோ சொன்னதாம். வந்து எனக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சவ. "இனி என்னை வான்காறி எண்டே கூப்பிடுங்கோ அப்பா, பேர் நல்லாயிருக்கு." 

அந்தக் காலத்திலைதான் ஒரு நாள் வந்து சொன்னவ: "இஞ்சேருங்கோ, வானுக்குக் களைக்குது."

நான் சிரிச்சனான். அதைத்தான் முதல் எழுதவேணும். "வான் களைக்காதப்பா. களைக்கிறது மனுசருக்கு. வானுக்கு இழுவை குறையும், இல்லாட்டி மிஸ் பண்ணும். என்ன நடக்குது எண்டு சரியாச் சொல்லும்" எண்டன். "எனக்கு உங்கடை பாசை தெரியாது. போகேக்கை நல்லாத்தான் போகுது. பேந்து வல்லையிலை காத்துக்கு எதிரா வரேக்கை, அக்சிலேற்றரை முழுக்க மிதிச்சாலும் ஏலாமல் ஏலாமல் வருது. மூச்சு வாங்கிற மாதிரி. கொஞ்ச நேரம் நிப்பாட்டி வைச்சால் திரும்ப ஓடுது. இதுக்குக் களைக்குது எண்டு சொல்லாமல் வேறை என்ன சொல்லுறது?" எண்டு கேட்டவ. நான் கராச்சிலை போய்க் குணம் அண்ணைக்குச் சொன்னன். குணம் அண்ணை எங்கடை கராச்சிலை எல்லாருக்கும் மூத்த மெக்கானிக், வாய் சும்மா இராது. "அப்ப வானுக்குக் கொஞ்சம் கோப்பி ஊத்திக் குடுக்கச் சொல்லு மனுசீட்டை" எண்டார். ரெண்டு பேரும் சிரிச்சம்.

எங்கடை ஊரிலை மலை இல்லை, ஏத்தம் இல்லை. ஒரு எஞ்சினுக்குப் பாரம் குடுத்துப் பாக்கிறதெண்டால் சாமானை ஏத்திக்கொண்டு வல்லை வெளிக்கைதான் போகவேணும். ரெண்டு பக்கமும் மரம் இல்லாத வெறும் வெளி, காத்து அப்பிடியே நெஞ்சிலை வந்து குத்தும். நான் ஞாயிற்றுக்கிழமையளிலை அங்கை கொண்டுபோய் ஓடிப் பாத்தன். ஒரு தரமில்லை, ஏழெட்டுத் தரம். எனக்கு ஒரு நாளும் களைக்கேல்லை. டீசல் பில்டர் மாத்தினன். எயார் பில்டர் மாத்தினன். தாங்கியிலையிருந்து வாற குழாயை மாத்தினன். அம்மா ரெண்டு கிழமை பேசாமல் இருப்பா, பேந்து ஒரு நாள் வந்து, "குறை நினையாதையுங்கோ, இண்டைக்கும் களைச்சது" எண்டுவா. குறை நினையாதையுங்கோ எண்டு. பிழையை நான் கண்டுபிடிக்காததுக்கு அவ மன்னிப்புக் கேக்கிற நிலைமையிலை நான் வைச்சிருந்திருக்கிறன். ஒருக்கால் கடுப்பிலை, "உமக்குத்தான் கியர் மாத்தத் தெரியேல்லை" எண்டும் சொன்னனான். அவ கண்டுப் பையளை இறக்கப் போனவ. நாலு பை தூக்கிப்போட்டு வான் கதவிலை கையை ஊண்டிக்கொண்டு நிண்டவ. நான் அதைப் பாத்தனான். பாத்துப்போட்டு உள்ளை போய்த் தேத்தண்ணி குடிச்சனான்.

நீ ஒருத்தியோடை குடும்பம் நடத்தேக்கை, அவ தன்ரை சொல்லிலை ஒண்டைச் சொன்னால், அதை உன்ரை சொல்லுக்கு மாத்தாதை. எனக்குத் தெரிஞ்ச புத்திமதி இவ்வளவுதான். அவ எந்தச் சொல்லைச் சொன்னாவோ அந்தச் சொல்லை வைச்சே திருப்பிக் கேள். எப்ப களைச்சது, எவ்வளவு தூரம் போனாப்பிறகு களைச்சது, என்ன பாரம் இருந்தது, என்ன செய்ய விட்டது எண்டு கேள். நான் கராச்சுக்கு வாற வேறை ஆக்களிட்டைக் கேட்டனான். வீட்டிலை கேக்கேல்லை.

இனி அந்த நாள். அச்சுவேலியிலை ஒரு புது வீட்டுக்காறருக்கு நாப்பது மாங்கண்டு. ஆடி மாசம், சோளகக் காத்து அடிச்சு வெயில் கொளுத்திற நேரம். எனக்கு அம்மா அனுப்பினதை நான் அப்பிடியே எழுதிறன். பத்து இருபத்தாறுக்கு: "களைக்குது. வல்லையிலை நிக்கிறன்." பத்து இருபத்தெட்டுக்கு நான்: "அஞ்சு நிமிசம் ஆறிப்போட்டு வாரும். சரிவரும்." பத்து இருபத்தொன்பதுக்கு அவ: "ஓம்." அவ்வளவும்தான். நான் போனை நிலத்திலை வைச்சிட்டுத் திரும்பவும் லொறிக்குக் கீழை போனன்.

ஆஸ்பத்திரியிலை டொக்ரர் என்னை இருத்தி வைச்சு விளங்கப்படுத்தினவர். நெஞ்சுக்குள்ளை ஒரு வால்வு சுருங்கிப் போயிருந்ததாம். சின்ன வயசிலை வந்த ஏதோ ஒரு காய்ச்சலாலை இருக்கலாமாம், கனபேருக்கு இருக்கிறதே தெரியாதாம். "சும்மா இருக்கேக்கை ஒண்டும் காட்டாது. பாரம் தூக்கினால், வேகமா நடந்தால் மூச்சு வாங்கும், இருந்து ஆறினால் விட்டிடும். அப்பிடி ஏதாவது சொன்னவவோ?" எண்டு கேட்டார். நான் இல்லை எண்டு சொன்னன். பேந்து வெளியிலை வந்து வாங்கிலை இருக்கேக்கைதான் போனை எடுத்துப் பாத்தன். 'களைக்குது' எண்டு கிடக்கு. எங்கடை பாசையிலை ஆருக்கு எண்டு சொல்லத் தேவையில்லைத்தானே, மகன். எனக்குக் களைக்குது எண்டாலும் களைக்குதுதான், வானுக்குக் களைக்குது எண்டாலும் களைக்குதுதான். அவ எழுதினது ஒரு சொல். அதிலை ஆரும் இல்லை.

அண்டையிலையிருந்து நான் வானைக் கழட்டத் தொடங்கினன். ஏன் எண்டு உனக்கு இப்ப விளங்கும். வானிலை உண்மையிலேயே ஒரு பிழை இருக்கெண்டால், அண்டைக்கும் வான்தான் நிண்டிருக்கும். அவ வானைப் பற்றித்தான் எழுதியிருப்பா, வானைப் பற்றி எழுதினதுக்கு ஒரு மெக்கானிக் சொல்லவேண்டியதைத்தான் நான் சொல்லியிருக்கிறன். அவவின்ரை நெஞ்சு பேந்துதான் நிண்டிருக்கும், அது ஆருடைய கையிலையும் இல்லை. வானிலை ஒரு பிழையும் இல்லையெண்டால், அவ தன்னைத்தான் சொன்னவ. மூச்சு எடுக்கேலாமல் நடு வெளிக்கை இருந்த மனுசிக்கு அஞ்சு நிமிசம் ஆறிப்போட்டு வாரும் எண்டு எழுதினது நான். ஆஸ்பத்திரி அங்கையிருந்து கால் மணித்தியாலம்கூட இல்லை. இதுக்கு நடுவிலை ஒரு விடையும் இல்லை. நான் யோசிச்சுப் பாத்தனான்.

சனம் தாங்களாவே வானிலை பழியைப் போட்டிட்டினம். ரமணன் செத்த வீட்டுக்கு வரேலாமல் போனவர், விசா ஏதோ சிக்கல். ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஆறரைக்கு எடுப்பார், அவருக்கு அப்ப காலமை, வேலைக்குப் போற நேரம். எடுத்த உடனை ஒரே கேள்விதான். "வானை என்ன செய்தனீங்கள் அத்தான்? குடுத்திட்டியளோ?" "இன்னும் இல்லை." "பழசை வாங்கித் தந்தது நான்தானே. கொஞ்சம் பொறுத்து நல்லதொண்டு வாங்கியிருக்கலாம். அக்காவை நான்தான்…" எண்டு நிப்பாட்டிப்போடுவார். வீடியோவிலை எண்டால் முகத்தைத் திருப்பிப்போடுவார். பனிக்குள்ளை நிண்டு அழுகிற ஒரு பெரிய மனுசனை நீ பாத்திருக்க மாட்டாய். நான் என்ன சொன்னனான் தெரியுமோ? "சரி, நடந்தது நடந்து போச்சு. யோசியாதையும்" எண்டனான். வான் நிண்டது எண்டு நான் சொல்லேல்லை. நிக்கேல்லை எண்டும் சொல்லேல்லை. அவர் சொல்லுறது சரியா இருக்கவேணும் எண்டு உள்ளுக்குள்ளை விரும்பிக்கொண்டு இருந்தனான்.

இஞ்செக்ரர் நாலையும் கழட்டிச் சோதிச்சன். பம்பைக் கழட்டினன். புகைக்குழாய்க்குள்ளை அடைச்சிருக்கோ எண்டு பாத்தன். ஒவ்வொரு வேலை முடியவும் அம்மா வைச்சிட்டுப் போன பசளை மூட்டையளை ஏத்திக்கொண்டு வல்லைக்குப் போவன். வான் குதிரை மாதிரி ஓடும். நான் இறங்கி நிண்டு அழுவன், வான் நல்லா ஓடுது எண்டு. குணம் அண்ணை ஒரு நாள் பொறுக்கேலாமல் பேசினார். "டேய், உந்த வானுக்கு ஒரு வருத்தமும் இல்லை. உனக்குத்தான் வருத்தம். பிள்ளையைக் கொண்டு கடற்கரைப் பக்கம் போ, கோயிலுக்குப் போ, எங்கையாவது போ. வானை விடு." நான் சொன்னன், "இருக்கண்ணை. பிழை இருக்கு. அவ சொன்னவ." அண்டைக்கு முதல் ஒரு நாளும் நான் அப்பிடிச் சொன்னதில்லை.

இண்டைக்குச் சனிக்கிழமை, அரைநாள் வேலை. வெளிக்கிடேக்கை குணம் அண்ணை தன்ரை மேசை லாச்சியை இழுத்து ஒரு மூடியை எடுத்துத் தந்தார். எங்கடை வானின்ரை டீசல் தாங்கி மூடி, திறப்புப் போட்டுப் பூட்டுற மூடி. "இந்தா, உன்ரை சாமான். பூட்டுச் சரி, புதுத் திறப்பும் வெட்டியாச்சு. நீ செவ்வாய்க்கிழமை தந்தனீ, வியாழக்கிழமை உப்பிடி ஆகிப்போச்சு, பேந்து நான் உன்னட்டை இதைக் கதைக்கேல்லை" எண்டார். அவர் சொன்னது முழுக்க என்ரை காதிலை விழுந்தது. நான் "சரியண்ணை" எண்டு வாங்கிக்கொண்டு வந்தன். தாங்கி வாய்க்கு நாலு மாசமா ஒரு துணியைத்தான் சுருட்டிச் செருகி வைச்சிருந்தம். துணியை இழுத்துப்போட்டு மூடியைப் போட்டுப் பூட்டினன்.

அந்த மூடி வந்த கதையும் உனக்குத் தெரியவேணும். நீ வயித்திலை இருந்த காலம், நாட்டிலை டீசல் இல்லை. லைனிலை ரெண்டு நாள் நிண்டால் கொஞ்சம் கிடைக்கும். சனம் இரவிலை தாங்கிக்குள்ளை குழாய் விட்டு உறிஞ்சிக்கொண்டு போகும். அம்மாக்கு வயித்துக்குத்து வந்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறதுக்கு எண்டு பத்து லீற்றரை வானுக்குள்ளை வைச்சிருந்தன். அதைக் காக்கிறதுக்குத்தான் பழைய மூடியை எறிஞ்சுபோட்டுப் பூட்டு மூடி வாங்கிப் போட்டனான். கடையிலை எந்த வாகனத்தின்ரை மூடியோ, வாய்க்கு அளவாயிருந்தது, வாங்கினன். நீ அந்தப் பத்து லீற்றரிலைதான் பிறக்கப் போனனீ. அந்த மூடியிலை எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

இண்டைக்கு நீயும் வந்தனீ. முன் சீற்றிலை இருந்துகொண்டு தெருவிலை போற மாடெல்லாத்துக்கும் கை காட்டினனீ. பசளை மூட்டை எட்டு ஏத்தினனான். அச்சுவேலி தாண்டிப் போய்த் திரும்பி வல்லைக்கு வர, வாடைக் காத்து எதிரை. பாலம் கடந்து கொஞ்சத் தூரம்தான். இழுவை விழுந்தது. அக்சிலேற்றரை அடிமட்டும் மிதிச்சன், நாப்பது, முப்பத்தைஞ்சு, முப்பது. மூண்டாம் கியருக்கு இறக்கினன், இல்லை. எஞ்சின் இழுத்து இழுத்து மூச்சு வாங்குது. நீ என்ரை முகத்தைப் பாத்திட்டுச் சொன்னனீ, "அப்பா, வானுக்குக் களைக்குது." ஆர் உனக்கு அந்தச் சொல்லைச் சொல்லித் தந்தது எண்டு நான் கேக்கேல்லை. கரையிலை விட்டன். மூண்டரை மணி. இறங்கி ஓடிப்போய், வேறை எதையும் தொடாமல், தாங்கி மூடிக்குத் திறப்பைப் போட்டுத் திருப்பினன். புஸ்ஸ் எண்டு காத்து உள்ளை போச்சு. நீ கைகொட்டிச் சிரிச்சனீ. "வான் மூச்சு விடுது!" எண்டனீ.

அந்த மூடியிலை காத்துப் போற ஓட்டை இல்லை, மகன். டீசல் குறையக் குறையத் தாங்கிக்குள்ளை அந்த இடத்துக்குக் காத்துப் போகவேணும். போகாட்டி எஞ்சின் எவ்வளவு இழுத்தாலும் டீசல் வராது. நிப்பாட்டி வைச்சால் இடுக்குகளுக்காலை மெல்ல மெல்லக் காத்துப் போகும், திரும்ப ஓடும். கிட்டடி ஓட்டத்துக்குத் தெரியாது. பாரத்தோடை தூரம் போனால்தான் தெரியும். வானுக்கு மூச்சு முட்டினதுதான். அம்மா சொன்ன சொல்தான் சரியான சொல். ஏன் எனக்கு ஒரு நாளும் களைக்கேல்லை எண்டால், டீசல் காட்டுற முள்ளு வேலை செய்யாது. நான் முறையாப் படிச்ச ஆள், சோதிச்சு ஓடுறதுக்கு முதல் மூடியைத் திறந்து ஈர்க்கு விட்டு எவ்வளவு டீசல் கிடக்கு எண்டு பாப்பன். வல்லையிலை ஓடேக்கையும் இடையிலை நிப்பாட்டித் திறந்து அளந்து எழுதுவன். ஒவ்வொரு தரமும் நானே காத்தை உள்ளை விட்டிருக்கிறன். நான் தேடின விதத்தாலையே பிழையைத் துடைச்சுத் துடைச்சு விட்டிருக்கிறன். இண்டைக்கு நீ கூட இருந்தபடியாலை இடையிலை நிப்பாட்டி அளக்கேல்லை. ஒண்டிலை கை வைக்கிறதுக்கு முதல் கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு நில். இதையும் எழுதி வைக்கிறன்.

ஆனால் அப்ப நான் இதையெல்லாம் யோசிக்கேல்லை. நான் சிரிச்சனான். நாலு மாசத்திலை முதல் தரம். உன்னைத் தூக்கிச் சுத்தினன். வானிலை பிழை இருக்கு! அம்மா வானைத்தான் சொன்னவ! ரமணனுக்கு உடனை எடுத்துச் சொல்லவேணும் எண்டு நினைச்சன்: தம்பி, உம்மடை வானிலை பிழையில்லை, நான் வாங்கிப் போட்ட மூடியிலைதான், நீர் அழவேண்டாம். மூடி என்ரை பிழைதான். அதை நான் சந்தோசமாச் சுமந்திருப்பன், மகன். கண்டுபிடிக்காத மெக்கானிக் எண்டு எல்லாரும் காறித் துப்பினாலும் நிண்டிருப்பன். கை டீசலாக் கிடந்தது, துடைக்கிறதுக்கு, தாங்கி வாயிலையிருந்து இழுத்துச் சீற்றுக்குக் கீழை எறிஞ்ச துணியை எடுத்தன். பாதி கையைத் துடைச்சாப்பிறகுதான் குணம் அண்ணை சொன்னது எனக்குக் கேட்டது. நீ செவ்வாய்க்கிழமை தந்தனீ.

செவ்வாய்க்கிழமை காலமை திறப்பு பூட்டுக்குள்ளையே முறிஞ்சது. மூடியை நெம்பிக் கழட்டிக் கராச்சுக்குக் கொண்டுபோனன். அம்மாதான் இந்தத் துணியைச் சுருட்டித் தாங்கி வாய்க்குள்ளை செருகினவ. "இனி ஆரும் டீசல் களவெடுத்தால் துணியும் சேத்துக் கொண்டு போகட்டும்" எண்டு பகிடி விட்டவ. துணிக்குள்ளாலை காத்துப் போகும். நல்லாப் போகும். நாலு மாசம் நான் அந்தத் துணியோடைதான் ஓடிப் பாத்தனான், ஒரு நாளும் களைக்கேல்லை. வியாழக்கிழமையும் அந்தத் துணிதான். அண்டைக்கு வானுக்குக் களைச்சிருக்க ஏலாது.

நான் வேறை வழி இருக்கோ எண்டு தேடினனான். றோட்டுக் கரையிலை நிண்டுகொண்டே தேடினனான். துணி நனைஞ்சு இறுகியிருக்குமோ? ஆடி மாசம், மழை இல்லை. வேறை ஏதும் பிழை இருந்திருக்குமோ? எல்லாத்தையும் கழட்டிப் பாத்தவன் நான்தான். நாலு மாசம் நான் வேலை செய்தது வானிலை பிழை இருக்கெண்டு காட்டுறதுக்கு. கடைசியிலை அண்டைக்கு அதிலை ஒரு பிழையும் இருக்கேல்லை எண்டுதான் காட்டியிருக்கிறன். நீ வானுக்குள்ளை இருந்து "போவம் அப்பா, வானுக்கு இப்ப சுகம்தானே" எண்டு கூப்பிட்டனீ. ஸ்ராட் பண்ணினன். நல்லா ஓடிச்சுது.

அவ ஏன் 'எனக்கு' எண்டு எழுதேல்லை எண்டு நான் யோசிக்கிறன். எழுத ஏலாமல் இருந்திருக்கும். இல்லாட்டி எனக்கு விளங்கும் எண்டு நினைச்சிருப்பா. அஞ்சு நிமிசம் ஆறிப்போட்டு வாரும் எண்டு நான் எழுதினதை, தன்னைத்தான் சொல்லுறன் எண்டு எடுத்திருப்பா. ஓம் எண்டு எழுதிப்போட்டு எனக்காக அங்கை ஆறியிருந்திருப்பா. "ஆருக்கப்பா?" எண்டு ஒரு சொல்லு நான் கேட்டிருந்தால் காணும். ஒரு சொல்லுத்தான். உனக்கு ஆரும் களைக்குது எண்டு சொன்னால் கேள். தெரிஞ்ச மாதிரி இருந்தாலும் கேள். என்ன விசர்க் கேள்வி எண்டு அவ பேசினாலும் கேள்.

உன்ரை மாமாக்கு நான் சொல்லவேணும். இன்னொரு நாடு, பனி, ரெண்டு வேலை, அதுக்கு மேலை தன்ரை அக்காவைத் தான்தான் கொண்டது எண்டு ஒரு மனுசன் நாலு மாசமாச் சுமந்துகொண்டு திரியுது. அது பொய் எண்டு இப்ப உலகத்திலை எனக்கு மட்டும்தான் தெரியும். சொல்லிப் பழகினன், சமையலறைக்குள்ளை நிண்டு. "ரமணன், வான் நிக்கேல்லையடாப்பா." அதுக்கு அவர் என்ன கேப்பார் எண்டு எனக்குத் தெரியும். "அப்ப அக்கா ஏன் ஒருதருக்கும் சொல்லாமல் இருந்தவ, அத்தான்?" எண்டு கேப்பார். மூண்டு தரம் தொடங்கினன், மூண்டு தரமும் அதிலைதான் வந்து நிண்டது. நாளைக்குச் சொல்லுவனோ தெரியாது. நீ இதை வாசிக்கிற காலத்திலையும் உன்ரை மாமா அந்த வானைப் பற்றிக் கேட்டு முகத்தைத் திருப்பினால், நான் சொல்லேல்லை எண்டு விளங்கிக்கொள். அப்பிடியெண்டால் இந்தக் கடிதத்தை அவரிட்டைக் குடு. என்னட்டை ஒண்டும் கேக்கத் தேவையில்லை.

நீ மண் கையோடை உள்ளை வந்து பசிக்குது எண்டு நிக்கிறாய். ஆருக்கு எண்டு கேட்டன். "எனக்குத்தான், வேறை ஆருக்கு?" எண்டு சிரிச்சனீ. புட்டு அவிக்க வைச்சிருக்கிறன். ஆறு இருபத்தைஞ்சாச்சு, இன்னும் அஞ்சு நிமிசத்திலை மாமா எடுப்பார். போனை நிப்பாட்டிப்போட்டன்.